உறவைக் கேட்டுவிட்டு வசனம் எழுதுங்கள்

அயல்மொழிப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் டப்பிங் வசனமும் சப்டைட்டிலும் எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



கொரியத் தொடர்களைத் தமிழில் பார்க்கும் கூட்டம் இன்று நம் ஊரில் பெரிது. விடுதி அறையில் கைப்பேசியோடு படுத்திருக்கும் கல்லூரிப் பெண்கள், மதியச் சமையலை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்காரும் அம்மாக்கள், பேத்தி பார்க்கிறாளே என்று கூடவே பார்க்கத் தொடங்கி இப்போது பேத்தியை முந்திக்கொள்ளும் பாட்டிகள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். இவர்களுக்கும் சியோல் நகரத்துக்கும் நடுவில் இருப்பவர்கள் நீங்கள். உங்கள் பெயர் பெரும்பாலும் திரையில் வருவதில்லை. வந்தாலும், படிப்பதற்குள் அடுத்த பகுதி ஓடத் தொடங்கிவிடும். பாராட்டெல்லாம் நடிகருக்குப் போக, ‘டப்பிங் படம் மாதிரி பேசாதே’ என்ற வசவு மட்டும் உங்கள் கணக்கில் சேர்கிறது.

அந்த வசவோடு இன்னொன்றைச் சேர்க்க நான் எழுதவில்லை. உங்கள் வேலையில் ஒரே ஓர் இடத்தைப் பற்றித்தான் பேச வருகிறேன். திரையில் ஒருவர் இன்னொருவரை என்ன முறை சொல்லி அழைக்கிறார், எந்த மரியாதையில் பேசுகிறார் என்பதுதான் அந்த இடம்.

உங்களில் பலருடைய கைக்கு வருவது மூல மொழி வசனம் அன்று. அதன் ஆங்கிலத் தாள். ஆங்கிலத்தில் பேரனும் ‘யூ’, பாட்டியும் ‘யூ’. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் ‘அங்கிள்’. கொரியன், ஜப்பானியம், தாய், வியட்நாமியம் எல்லாம் ஏணி வைத்துப் பேசும் மொழிகள். தமிழும் அப்படித்தான். நடுவில் நிற்கும் தாள் மட்டும் சமதரை. அதை மட்டும் நம்பி எழுதும்போது இரண்டு கோளாறு நேர்கிறது. மூலத்தில் இருந்த உறவு காணாமல் போகிறது. மூலத்தில் இல்லாத உறவு நம் வீட்டுப் பழக்கத்திலிருந்து உள்ளே நுழைந்துவிடுகிறது. முதலாவது இழப்பு. இரண்டாவது, செய்யாத குற்றத்தை ஒருவர் மேல் சுமத்துவது போன்றது.

முதலில் இழப்பைப் பார்ப்போம்.

கொரிய மொழியில் மரியாதையைத் தாங்குவது வினைச்சொல்லின் கடைசி அசை. இலக்கணக்காரர்கள் ஆறேழு படிகள் சொல்வார்கள். அன்றாடம் புழங்குபவை முக்கியமாக மூன்று. செய்தி வாசிப்பு, ராணுவம், அலுவலகக் கூட்டம் போன்ற இடங்களில் வாக்கியம் ‘நிதா’ என்று முடியும். பொதுவான மரியாதைக்கு ‘யோ’. நெருங்கியவர், இளையவர், ஒத்த வயதுத் தோழர் என்றால் அந்த ‘யோ’ உதிர்ந்துவிடும். இப்படிப் பேசுவதற்குப் ‘பான்மால்’ என்று பெயர். இது கேட்பவருக்கான மரியாதை. பேசப்படுபவரை உயர்த்துவதற்கு வினையின் நடுவில் ‘சி’ என்றோர் இடைநிலை தனியாக உண்டு. சில சமயம் சொல்லே மாறிவிடும். நமக்கும் நண்பனுக்கும் சோறு ‘பாப்’. தாத்தாவின் முன்னால் வைக்கும்போது அதுவே ‘ஜின்ஜி’. ஆகவே சாப்பிட்டாயா என்ற ஒரு கேள்வியே நண்பனிடம் ஒரு மாதிரியும், மேலாளரிடம் வேறு மாதிரியும், பாட்டியிடம் மூன்றாவது மாதிரியும் வரும். நம்மிடமும் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டீங்களா’, ‘சாப்பாடு ஆச்சுங்களா’ என்று மூன்று கைவசம் இருக்கின்றன. ஆங்கிலத் தாளில் மூன்றுக்கும் ஒரே வரிதான் இருக்கும்.

கொரியன் ஓர் எழுத்து தெரியாதவர்கூட இதைக் காதால் பிடிக்க முடியும். மூல ஒலியை ஓடவிட்டு, வாக்கியம் முடிகிற இடத்தை மட்டும் கவனியுங்கள். ‘யோ’வோ ‘நிதா’வோ கேட்டால் அங்கே ‘நீங்க’. இரண்டும் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் ‘நீ’. தாய்லாந்துப் படங்களில் ஆண் பேசினால் ‘க்ரப்’ என்றும், பெண் பேசினால் ‘கா’ என்றும் வாக்கியக் கடைசியில் விழும். ஜப்பானியத்தில் ‘தெஸ்’, ‘மாஸ்’ என்று முடிந்தால் அது மரியாதைப் பேச்சு. அரை மணி நேரம் காது கொடுத்தால் பிடிபட்டுவிடுகிற சங்கதி இது.

பிடிபடாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு காதல் தொடர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருவர். ஏழு பகுதிவரை ஒருவருக்கொருவர் ‘யோ’ போட்டே பேசுகிறார்கள். எட்டாவது பகுதியில், மழைக்கு ஒதுங்கிய ஓர் இரவில், அவள் பேச்சை இறக்கிக்கொள்ளலாமா என்று அவனிடம் கேட்கிறாள். கொரியனில் இப்படி அனுமதி கேட்பது வழக்கம். கேட்காமல் இறங்கினால் சண்டையே வரும். அந்தக் கேள்விதான் அந்தத் தொடரின் முதல் நெருக்கம். கை பிடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஆங்கிலத் தாள் இதை, சாதாரணமாகப் பேசலாமா என்கிற அர்த்தத்தில் ஏதோ ஒன்றாக ஆக்கியிருக்கும். தமிழில் அது ‘நாம கேஷுவலா பேசலாமா?’ என்று வந்து விழும். பார்ப்பவர் விழிப்பார். முதல் பகுதியிலிருந்தே இருவரும் ‘நீ, வா, போ’ என்றுதானே பேசிக்கொண்டிருக்கிறார்கள், இதற்கு மேல் கேஷுவலாக எங்கே போவது?

இதே காட்சியைத் தமிழ் தன் சொந்த வாயால் பேசும்: ‘இன்னும் எதுக்கு இந்த வாங்க போங்க? வா போன்னே பேசலாமே.’ இந்த வரியை விளக்கிச் சொல்ல வேண்டிய தமிழர் எவரும் இல்லை. ஆனால் எட்டாவது பகுதியில் இது வேலை செய்ய வேண்டுமென்றால், முதல் ஏழு பகுதிகளிலும் ‘நீங்க’வைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தால் முடியாத ஒன்று தமிழால் முடிகிறது. அந்த வசதியை ஆங்கிலத் தாளைப் பார்த்து நாமே கைவிடுகிறோம்.

வயது விஷயமும் அப்படித்தான். அறிமுகமான கொஞ்ச நேரத்திலேயே இருவர் எந்த வருடம் பிறந்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் காட்சி கொரியத் தொடர்களில் அடிக்கடி வரும். அது வம்பு இல்லை. ஒரு வயது மூத்தவர் என்றாலும் அழைக்கும் முறையும் வினைமுடிவும் மாறும் என்பதால் கேட்கிறார்கள். பிறந்தவுடனேயே ஒரு வயது என்று எண்ணும் பழைய கணக்கை விட்டுவிட்டு, சட்டத்திலும் அரசு நடைமுறையிலும் உலகக் கணக்கையே பின்பற்றுவது என்று தென் கொரியா 2023 ஜூன் 28 முதல் நடைமுறைப்படுத்தியது. அப்போது மக்கள் பேசிக்கொண்டவற்றில் ஒன்று, இனி யார் யாருக்கு அண்ணன் என்பது.

2021-இல் உலகமே பார்த்த ‘ஸ்க்விட் கேம்’ தொடரை நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தானிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி அலி, படித்த மனிதனான சாங்-ஊவை ‘சாஜாங்-நிம்’ என்றே கூப்பிடுகிறான். கம்பெனித் தலைவருக்கு உரிய சொல் அது. நம் பேச்சில் ‘முதலாளி’. சம்பளம் தராமல் தன்னை ஏய்த்த முதலாளியையும் அலி அப்படித்தான் கூப்பிட்டுப் பழகியிருப்பான். ஒரு கட்டத்தில் சாங்-ஊ, அப்படிக் கூப்பிடாதே, ‘ஹ்யோங்’ என்று கூப்பிடு என்கிறான். ஆண் தன் அண்ணனை அழைக்கும் சொல் அது. அலிக்கு அதில் ஒரு சந்தோஷம். பிறகு கோலி விளையாட்டில், அண்ணன் என்று கூப்பிடச் சொன்னவனே அவனை ஏமாற்றிச் சாகவிடுகிறான். அந்தத் துரோகத்தின் எடை முழுக்க ‘முதலாளி’யிலிருந்து ‘அண்ணா’வுக்கு ஏறிய அந்த ஒரு படியில் இருக்கிறது. தமிழில் இதற்கு உரை எழுத வேண்டியதே இல்லை. இரண்டு சொல்லையும் அந்தந்த இடத்தில் வைத்தாலே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொரியனும் தமிழும் அக்கா தங்கை மொழிகள் என்று யூடியூபில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அங்கேயும் ‘அப்பா’, அம்மாவுக்கு ‘ஓம்மா’ என்பது உண்மைதான். உதடு சேர்ந்து பிரிகிற ஒலிகள்தாம் குழந்தையின் வாயில் முதலில் வரும். அதனால் உலகத்தின் பல மூலைகளில் பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் ஒத்துப்போகின்றன என்று மொழியியலாளர் ரோமான் யாகோப்சன் விளக்கியிருக்கிறார். ஒலியை நம்பி முறையை முடிவு செய்தால் வம்பில் மாட்டிக்கொள்வோம். பெண் தன் அக்காவை ‘ஒன்னி’ என்கிறாள். ‘அண்ணி’ போலக் கேட்கிறதே என்று போட்டுவிட்டால், கூடப்பிறந்த அக்காவை அண்ணன் பெண்டாட்டியாக்கிவிடுவோம்.

அடுத்து, உங்களை அதிகம் படுத்துகிற ‘ஓப்பா’வுக்கு வருகிறேன். பெண் தன் அண்ணனை அழைக்கும் சொல் அது. மூத்த நண்பனையும் அப்படியே அழைக்கலாம், காதலனையும் அழைக்கலாம். ஆங்கிலம் இதற்கு ஈடு தேடிக் களைத்துப்போய், 2021-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி சேர்த்துக்கொண்ட இருபதுக்கு மேற்பட்ட கொரியச் சொற்களில் ‘ஓப்பா’, ‘ஒன்னி’, ஆண் தன் அக்காவை அழைக்கும் ‘நூனா’ மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழுக்குச் சிக்கல் வேறு மாதிரி. நமக்கு அண்ணன் என்ற சொல் தாராளமாக இருக்கிறது. ஆனால் அது கல்யாணப் பேச்சுக்கே இடமில்லாமல் செய்துவிடும் சொல். பின்னால் சுற்றுகிறவனை விரட்ட நம் பெண்கள் கையாளும் முதல் ஆயுதமே ‘சொல்லுங்கண்ணா’ என்பதுதான். கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன் நம்மிடம் மாமா, அத்தான், மச்சான். அத்தை மகன், மாமன் மகன் என்று முறை பார்த்து வளர்ந்த சமூகத்தில் உறவுச் சொல்லே யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்று சொல்லிவிடுகிறது.

கிழக்கே போகப் போக மூத்தவர், இளையவர் என்ற கணக்கு முன்னால் வந்து நிற்கிறது. வியட்நாமில் மனைவி கணவனை ‘அன்’ என்கிறாள், அதாவது அண்ணன். தன்னைச் சொல்லிக்கொள்வது ‘எம்’, அதாவது தங்கை. மலாய்க்காரப் பெண் கணவனை ‘அபாங்’ என்பாள், அதுவும் அண்ணன்தான். மலேசியத் தமிழர்களுக்கு இது அன்றாடம் காதில் விழும் பேச்சு. இவ்வளவு தூரம் போவானேன்? பாலக்காட்டைத் தாண்டினால் மனைவி கணவனைச் ‘சேட்டா’ என்று கூப்பிடுவதைக் கேட்கலாம். மாமன் மகளைக் கட்டும் வழக்கம் அறிந்த மலையாளமே கணவனுக்கு அண்ணன் சொல்லைத் தருகிறது. ஆகவே இதில் விகாரம் எதுவும் இல்லை. வேறு வீட்டுப் பழக்கம், அவ்வளவுதான்.

அப்படியானால் ‘ஓப்பா’வை என்ன செய்வது? கூடப்பிறந்தவன் என்றால் தயங்காமல் ‘அண்ணா’ போடுங்கள். கல்லூரி மூத்தவன் என்றால் பெயரும் ‘நீங்க’வும் போதும், கேலியாக இழுக்க வேண்டிய இடத்தில் ‘அண்ணே’யும் பொருந்தும். காதலன் என்றால் ‘மாமா’வுக்கு ஓடாதீர்கள். இன்றைய தமிழ்ச் சினிமா அந்தச் சொல்லில் குத்துப்பாட்டின் வாடையை ஏற்றி வைத்திருக்கிறது. ‘அத்தான்’ கறுப்பு வெள்ளைக் காலத்துக்குக் கொண்டுபோய்விடும். பெயரைச் சொல்லி ‘நீங்க’ போடலாம். இல்லை, ‘ஓப்பா’ என்றே விட்டுவிடலாம்; உங்கள் பார்வையாளருக்கு அது இப்போது தெரிந்த சொல்தான். ஒரே ஒரு நிபந்தனை. ஒருத்தி முதல் பகுதியில் ‘ஓப்பா’ என்று அழைக்க மறுத்து, பத்தாவது பகுதியில் அழைக்கிறாள் என்றால், அந்த மாற்றம் தமிழிலும் காதில் விழ வேண்டும்.

வயதில் மூத்த பெண்ணை அழைக்கும் ‘அஜும்மா’வுக்கு அகராதி பார்த்து ‘அத்தை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை அங்கே ‘அஜும்மா’ என்று கூப்பிட்டால் அவள் முகம் சுருங்கும். சென்னையில் அதே பெண்ணை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், அதே சுருக்கம். இங்கே கடன் வாங்கிய சொல்தான் சரியான தமிழ். உணவு விடுதி நடத்தும் பெண்ணைக் கொரியர்கள் ‘இமோ’ என்பார்கள். அம்மாவின் கூடப்பிறந்தவள் என்று அர்த்தம். அதற்காகச் ‘சித்தி, இன்னொரு கிண்ணம் சூப்’ என்று எழுத வேண்டாம். நம் மெஸ்ஸில் நாம் கூப்பிடுவது ‘அக்கா’. அதையே எழுதுங்கள்.

உறவுச் சொல்லில் தமிழுக்கு இருக்கும் செல்வத்தை நாமே மறந்துவிட்டோமோ என்று சில நேரம் தோன்றுகிறது. வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னை ஆங்கிலத்தில் ‘அங்கிள் ஹோ’ என்றார்கள். நாமும் ‘மாமா ஹோ’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். வியட்நாமியர் சொல்வது ‘பாக் ஹோ’. ‘பாக்’ என்பது அப்பாவின் அண்ணன். அப்பாவின் தம்பிக்குச் ‘சூ’ என்று வேறு சொல் இருக்கிறது. ஆக அவர் அந்த நாட்டுக்குப் பெரியப்பா. அம்மாவின் அண்ணன் தம்பிக்குச் சீனத்தில் ‘ஜியூஜியூ’ என்று தனிச்சொல் உண்டு. அவர்தான் மாமா. ஐக்கிய நாடுகள் சபைக்கு 1961 முதல் 1971 வரை பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட்டின் பெயர் தாண்ட் மட்டுமே. ‘ஊ’ என்பது பர்மிய மொழியில் பெரியவர்களுக்குச் சேர்க்கும் முறைச்சொல்; மாமா, சித்தப்பா முறையில் வருவது. பர்மியத் தலைவர் ஆங் சான் சூ கியின் பெயருக்கு முன்னால் வரும் ‘டோ’வும் அத்தை, சித்தி முறைதான். அண்ணாதுரையை அண்ணா என்றும் ஜெயலலிதாவை அம்மா என்றும் சொல்லிப் பழகிய நாம் இதைப் புரிந்துகொள்ளச் சிரமப்பட வேண்டியதே இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் லூயி ஹென்றி மோர்கன் 1871-இல் உலக உறவுமுறைகளைத் தொகுத்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நியூயார்க் பகுதியில் வாழும் செனகா பழங்குடியினர் அப்பாவின் அண்ணன் தம்பியை அப்பா என்றும், அம்மாவின் அக்கா தங்கையை அம்மா என்றும் அழைப்பதைக் கவனித்தவர் அவர். அதே ஒழுங்கைத் தமிழ் உறவுச் சொற்களில் கண்டு வியந்து போனார். பெரியப்பா, சித்தப்பா இருவரும் ‘அப்பா’. பெரியம்மாவும் சித்தியான சின்னம்மாவும் ‘அம்மா’. அத்தையும் மாமாவும் மட்டும் தனி வரிசை. மானிடவியலில் உறவுமுறை ஆய்வு என்ற துறைக்கே தமிழ் ஓர் அடித்தளம். அந்த மொழியில் எழுதுகிறவர் ‘அங்கிள்’ என்ற இடத்தில் எல்லாம் ‘அங்கிள்’ என்றே எழுதிவிட்டுப் போகக் கூடாது.

ஆனால் சொல்லுக்குச் சொல் மாற்றினாலும் சில இடங்களில் ஏமாந்துவிடுவோம். ஜப்பானியர் இதற்கு நல்ல உதாரணம். அவர்களுடைய மரியாதை மொழிக்குக் ‘கெய்கோ’ என்று பெயர். அதைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கற்றுத் தருகிறார்கள். அதை ஐந்து வகையாகப் பிரித்து அரசின் பண்பாட்டுக் குழுவே 2007-இல் வழிகாட்டி வெளியிட்டது. அங்கே யார் பெரியவர் என்பதோடு, யார் நம்மவர், யார் வெளியார் என்பதும் கணக்கு. அலுவலகத்துக்குள் மேலாளரைத் ‘தனகா-சான்’ என்று கூப்பிடும் ஊழியர், வெளிக் கம்பெனியிலிருந்து போன் வந்தால் ‘தனகா வெளியே போயிருக்கிறார்’ என்று ‘சான்’ இல்லாமல் சொல்வார். நம்மவரை வெளியாரிடம் உயர்த்திச் சொல்வது அங்கே பண்பாகாது. அம்மாவையும் அப்படித்தான்: வீட்டில் ‘ஒகாசான்’, வெளியாரிடம் ‘ஹஹா’. ‘சான்’ போய்விட்டதே என்று நீங்கள் ‘தனகா வெளிய போயிருக்கான்’ என்று எழுதினால் அந்த ஊழியரைத் திமிர் பிடித்தவராக்கிவிடுகிறீர்கள். தமிழில் ‘சார் வெளியே போயிருக்கார்’ என்பதுதான் சரி. கொரியர்கள் இந்த விஷயத்தில் நம்மைப் போல. வெளியாரிடமும் தம் அப்பாவுக்கு மரியாதை குறைக்க மாட்டார்கள்.

இதுவரை சொன்னது இருப்பதை விட்டுவிடுவது பற்றி. இல்லாததைச் சேர்ப்பது பற்றி இனி.

ஓர் ஆங்கிலப் படத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி, ஒரே ‘யூ’வில் பேசிக்கொள்கிறார்கள். தமிழுக்கு வரும்போது அவள் ‘வாங்க, சொல்லுங்க’ என்கிறாள், அவன் ‘வா, சொல்லு’ என்கிறான். யார் இப்படி மாற்றச் சொன்னது? டாக்ஸி ஓட்டுபவர், மேசை துடைக்கும் பெண், வீட்டு வேலைக்கு வருபவர் எல்லாரும் நாயகனைச் ‘சார், நீங்க’ என்கிறார்கள். நாயகன் அவர்களை ‘நீ’ என்கிறான். மூலத்தில் அவன் அவர்களிடம் மரியாதையாகவே பேசியிருப்பான். கறுப்பினப் பாத்திரம் வந்தால் சென்னைக் குப்பத்துப் பேச்சை வாயில் திணித்து, அவனை எல்லாரும் ‘டா’ போட்டுப் பேசும்படி எழுதுவதும் நடக்கிறது.

ஸ்வீடனைப் பாருங்கள். அங்கேயும் ஒரு காலத்தில் ஒருவரைப் பட்டம் சொல்லி, பதவி சொல்லி, சுற்றி வளைத்துத்தான் அழைத்தார்கள். 1967-இல் அந்நாட்டு மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற புரோர் ரெக்செட், ஊழியர் எல்லாரையும் ‘டூ’ என்று ஒருமையில் அழைக்கப்போவதாகவும் அவர்களும் தம்மை அப்படியே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். சில ஆண்டுகளில் நாடே ‘டூ’வுக்கு மாறிவிட்டது. இன்று அங்கே கடைநிலை எழுத்தர் தலைமை அதிகாரியை ‘டூ’ என்றால் அதில் அவமரியாதை இல்லை. இருவரும் சமம் என்ற அர்த்தம்தான். அதைத் தமிழில் ‘நீ’ என்று எழுதினால் எழுத்தர் வேலையை இழக்க வேண்டியவராகத் தெரிவார். அதிகாரிக்கு மட்டும் ‘நீங்க’ கொடுத்தால் ஸ்வீடனைத் தஞ்சாவூர்ப் பண்ணையாக்கிவிடுவோம். இருவரும் இருவரையும் ‘நீங்க’ என்பதே அங்கே உண்மைக்கு நெருக்கம்.

ஆய்வாளர்கள் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் 1960-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் சொல்கிறது. ஐரோப்பிய மொழிகளின் ‘நீ’யையும் ‘நீங்க’வையும் ஆராய்ந்து, அதிகாரம் இருக்கும் இடத்தில் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று வெவ்வேறு சொல்லைச் சொல்கிறார்கள், நெருக்கமோ சமத்துவமோ இருக்கும் இடத்தில் இருவரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள் என்று காட்டினார்கள். எந்தச் சொல் என்பதைவிட, இரண்டு பக்கமும் ஒரே சொல்லா என்பதே முதல் கேள்வி. உங்கள் மேசையில் எழுதி ஒட்டிவைக்கத் தகுந்த விதி இது.

ஏணி வைத்துப் பேசும் மொழிக்காரர்களும் அதை எப்போதும் பெருமையாக நினைத்ததில்லை. ஜாவா மொழியில் எளியோர் பேச்சுக்கு ‘ங்கோகோ’, உயர் பேச்சுக்குக் ‘கிராமா’ என்று சொற்களே வேறு வேறு. கீழே இருப்பவர் மேலே பார்த்துக் கிராமாவில் பேச வேண்டும். மேலே இருப்பவர் ங்கோகோவில் பதில் சொல்வார். 1917-இல் சுரபாயாவில் தோன்றிய ‘ஜாவா திபா’ இயக்கம் எல்லாரும் எல்லாரிடமும் ங்கோகோவிலேயே பேசுவோம் என்றது. 1928-இல் இந்தோனேசிய இளைஞர்கள் ஒரே நாடு, ஒரே மொழி என்று உறுதி எடுத்தபோது, நாட்டில் அதிகம் பேர் பேசிய ஜாவாவை விட்டு மலாயைத் தேர்ந்தார்கள். மலாய் துறைமுகந்தோறும் புழங்கிய பொதுமொழி என்பது அதற்கு ஒரு காரணம். அதில் இந்தப் படிக்கட்டு இல்லை என்பதும் ஒரு காரணம். கொரியாவிலேயே சிஜே நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் பதவிப் பெயரை விட்டு எல்லாரையும் பெயரோடு ‘நிம்’ சேர்த்து அழைக்கச் சொன்னது. காகாவோ நிறுவனத்தில் ஊழியர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு அழைத்துக்கொண்டார்கள்.

நம் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நரைத்த தலையோடு களத்தில் நின்ற பண்ணையாளைப் பண்ணையார் வீட்டுச் சிறுவன் ‘ஏலே, இங்க வாடா’ என்று கூப்பிட்ட ஊர் இது. அவர் அந்தச் சிறுவனைச் ‘சின்ன எசமான்’ என்றார். 1925-இல் தொடங்கிய ஓர் இயக்கம் தனக்குச் சுயமரியாதை என்றே பெயர் வைத்துக்கொண்டதன் பின்னால் இதுவும் இருந்தது. அந்தப் பேச்சு வயலிலிருந்து ஓரளவு வெளியேறிவிட்டது. அதை டப்பிங் வழியாக வேறு நாட்டு மனிதர்களின் வாயில் வைத்து, நம் வீட்டுக் கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். மூலத்தில் ஒருவர் இன்னொருவரை இழிவாகப் பேசினால் அதை அப்படியே எழுதுங்கள், மழுப்ப வேண்டியதில்லை. அவர் பேசாத இழிவை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. உதட்டசைவு பொருந்த வேண்டும். சப்டைட்டிலில் இரண்டு வரிக்குமேல் இடமில்லை. தமிழ்ச் சொல்லோ நீளம். நாளை காலைக்குள் வேண்டும் என்பார்கள். ஆனால் தமிழில் மரியாதை தனிச் சொல்லாக வந்து இடம் கேட்பதில்லை. ‘நீங்க’வை எடுத்துவிட்டாலும் ‘வாங்க’ என்பதில் அது இருக்கிறது. ‘யோ’ என்று திறந்து முடியும் வாய்க்கு ‘ங்க’ என்று முடியும் தமிழ் பொருந்தாமலும் போகாது. பதினாறு பகுதித் தொடரை இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பதால் பாதியில் சித்தப்பா மாமாவாகிவிடுவது உங்கள் தவறும் அல்ல. அது வேலை கொடுப்பவர்கள் சரிசெய்ய வேண்டிய ஒழுங்கு.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு தரப்புக்கும். தயாரிக்கும் நிறுவனங்களே, ஆங்கில வசனத்தோடு ஓர் உறவுத் தாளும் கொடுங்கள். யார், யாரிடம், யார் மூத்தவர், என்ன முறை, ‘நீ’யா ‘நீங்க’வா, எந்தப் பகுதியில் மாறுகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். மூல மொழி தெரிந்த ஒருவருக்கு அது ஒரு நாள் வேலை. குரல் பதிவை நடத்துபவர்கள் உதட்டசைவுக்காக ‘ங்க’வை வெட்டும்முன் அந்தத் தாளை ஒருமுறை பார்த்துவிடட்டும்.

எழுதும் நண்பர்களே, தாள் வரவில்லை என்றால் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். முதல் பகுதியை மூல ஒலியில் ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். புது ஆள் ஒருவரோடு யாராவது வந்தால் ‘இவர் உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்பது நம் ஊர் வழக்கம். ஒவ்வொரு பாத்திரத்தையும் பார்த்து அதையே கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு முதல் வசனத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வசனத்தைக் காது கொடுத்துக் கேட்கும் ஒருவர்